மேல் வீட்டுப் பிள்ளை

"எனக்குப் பிள்ளைகள் இல்லை சேர். நான் தனியத்தான் இருக்கிறேன்."

அப்பா இதைச் சொல்லும்போது நான் அவருக்குப் பக்கத்திலேயே நிற்பேன். என் கையில் அவருடைய துவாயோ, மருந்துப் பெட்டியோ, அவர் பாதி குடித்துவிட்டு வைத்த தேத்தண்ணிக் கோப்பையோ இருக்கும். சுத்தமான சிங்களத்தில் சொல்வார். காலமெல்லாம் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். தமிழ் தடுமாறத் தொடங்கிய பிறகும் அந்தக் கந்தோர்ச் சிங்களம் மட்டும் கடைசிவரை தடுமாறவில்லை. என்னை இல்லை என்று சொல்வதற்கு அது அவருக்கு நன்றாக உதவியது.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் ஃபிளாட். அம்மா போன பிறகு அப்பாவும் நானும்தான். அண்ணா கனடாவில். நான் கல்யாணம் செய்து, அது சரிவராமல் திரும்பி வந்தவள். அதைப் பற்றிச் சொந்தக்காரர் எல்லோரும் வேண்டிய மட்டும் கதைத்து முடித்துவிட்டதால் நான் கதைக்க மிச்சமில்லை. புறக்கோட்டையில் துணி இறக்குமதி செய்யும் முதலாளி ஒருவரிடம் கணக்கு வேலை. காலையில் போனால் பின்னேரம்தான் வீடு.

அப்பா முதலில் அடுப்பை அணைக்க மறந்தார். பிறகு கடைக்குப் போன வழியை மறந்தார். ஒருநாள் குளியலறையில் விழுந்து, நான் வேலை முடிந்து வரும்வரை அந்த ஈரத்திலேயே கிடந்திருக்கிறார். அன்றைக்கு அவரைத் தூக்கித் துடைக்கும்போது நான் அழவில்லை. குளியலறைக் கதவைத்தான் ஓங்கி ஓங்கி உதைத்தேன்.

"ஹெந்தளைப் பக்கம் நல்ல முதியோர் இல்லம் ஒண்டு இருக்காம். கடற்காத்தும் வருமாம்" என்றார் அண்ணா தொலைபேசியில்.

"கடற்காத்து இஞ்சயும்தான் வருது. கதவைத் திறந்தால் காணும்" என்றேன்.

ஆகவே வீட்டுக்கு ஆள் வைத்தோம். முதலில் வந்தவர் ஜிந்துப்பிட்டியைச் சேர்ந்த ஒரு அம்மா. கெட்டிக்காரி, சமையலும் தெரியும். ஆனால் குளிப்பாட்டப் போனபோது அப்பா குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பொம்பிளை வந்து என்னைக் குளிப்பாட்டுறதோ? நான் இன்னும் சாகேல்லை" என்றார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆம்பிளை ஆள் தேடியபோது ஓர் ஏஜென்சி கிடைத்தது. யாரோ ஓய்வுபெற்ற அதிகாரி நடத்துவது. ஒழுங்கும் கட்டுப்பாடும் அங்கே அதிகம் என்று சொன்னார்கள். நல்லதுதானே என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

வந்த மனிதர் சிங்களவர். நாற்பது வயது தாண்டியிருக்கும். ஒருகொடவத்தையில், கொண்டெய்னர் யார்டுகளுக்குப் பின்னால் வீடு. அவரை நான் மல்லி என்றே அழைத்தேன்; சிங்களத்தில் தம்பி. அவருக்குத் தமிழ் ஏழெட்டுச் சொற்கள்தான் தெரியும். கிரிக்கெட் என்றால் உயிர். தேத்தண்ணிக்குச் சீனி போடுவதைப் பார்த்தால் நமக்கே பல் கூசும். வாய் ஓயாது. ஆனால் அந்த முதல் நாள் காலையில் கதவைத் திறந்தபோது நான் பார்த்தது வாயை அல்ல, உடுப்பைத்தான். காக்கிக் காற்சட்டை, தோளில் பட்டி வைத்த காக்கிச் சட்டை, நெஞ்சில் பெயர்த் தகடு, பளபளவென்று சப்பாத்து. ஏஜென்சியின் சீருடையாம்.

மணி அடித்ததுமே அப்பா எழும்பிவிட்டார். வீட்டில் இருக்கும்போதும் சட்டை போட்டுக்கொண்டிருப்பது அவர் வழக்கம். பையில் அடையாள அட்டையும் இருக்கும், தூங்கும்போதும் இருக்கும். வெள்ளவத்தையில் அந்த வயதுத் தமிழர் பலருக்கு அப்படித்தான். யாரும் அதை ஒரு விஷயமாக எடுப்பதில்லை. அப்பா சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"பாருங்கள் சேர். எனக்குப் பிள்ளைகள் இல்லை. நான் தனியத்தான் இருக்கிறேன்."

மல்லி என்னைப் பார்த்தார். நான் தலையில் கையை வைத்துச் சுற்றிக் காட்டினேன். அவருக்கு விளங்கிவிட்டது. எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

"அப்ப இவங்க யாரு மாத்தயா?" என்று மல்லி சிங்களத்தில் விளையாட்டாகக் கேட்டார். மாத்தயா என்றால் ஐயா.

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது மேல் வீட்டுப் பிள்ளை. ஏதோ கேட்க வந்திருக்கு" என்றார்.

அன்றைக்கு நான் அலுவலகத்தில் ஒரு கணக்கும் பார்க்கவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு காலையிலும் இதே கூத்து. மல்லி நல்ல மனிதர். அப்பாவை மெதுவாகக் குளிப்பாட்டுவார், முகம் வழிப்பார், வரிசையாக மருந்து கொடுப்பார். அப்பாவும் ஒரு மறுப்பும் சொல்லாமல், கையைத் தூக்கு என்றால் தூக்கி, திரும்பு என்றால் திரும்பி, சொன்னபடி செய்தார். இவ்வளவு அடங்கிய நோயாளியைத் தான் பார்த்ததே இல்லை என்று மல்லி மெச்சினார். நானும் அதை நம்பினேன். ஆனால் மல்லி இருக்கும் நேரமெல்லாம் நான் மேல் வீட்டுப் பிள்ளை. எங்களுக்கு மேல் ஃபிளாட்டில் ஒரு டாக்டர் குடும்பம் இருந்தது. அவர்களுக்குப் படிக்கிற மகள் ஒருத்தி. அவளையும் என்னையும் போட்டுக் குழப்புகிறார் என்று நினைத்தேன். எனக்கு நரை விழுந்துவிட்டது, அவளுக்கு இன்னும் பல்லுக்குக் கம்பி. நினைத்தால் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை.

"அப்பா, நான் ஆர்?" என்று கேட்பேன். எல்லோரும் செய்கிற முட்டாள்தனம் இது. மறதி வந்தவரைப் பரீட்சையில் உட்கார வைப்பது.

மல்லி பக்கத்தில் இருந்தால் மரியாதையாகப் புன்னகைப்பார். "நீங்கள் மேல் வீட்டில எல்லே?"

இதைவிட எரிச்சல், அண்ணாவோடு கதைக்கும்போது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் அண்ணா வருவார். பின்னால் பனி தெரியும். "அப்பா, நான் ஆரெண்டு தெரியுதோ?" என்று அவரும் கேட்பார். அப்பா முகம் மலர்ந்துவிடும். "என்ரை மூத்தவன் எல்லே! கனடாவில சுகமோ? அங்கயே இரு ராசா, இஞ்ச வராதை" என்பார். பிறகு மல்லி பக்கம் திரும்பி, பெருமையாக, சிங்களத்தில், "மகன். வெளிநாட்டில இருக்கிறான்" என்று அறிமுகம் வேறு.

மகன் உண்டு. மகள் இல்லை. மலத்துணி அலசுகிறவள் இல்லை. பனிக்குள்ளே இருந்து கையாட்டுகிறவர் உண்டு. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க எனக்குத் தெரியாது. ஒருநாள் அண்ணாவிடம் பச்சையாகவே சொன்னேன்: "உங்கடை அப்பாவை நான் பார்த்துக்கொண்டிருக்கிறன். எனக்கு அப்பா இல்லை, அவருக்கும் நான் இல்லை. சம்பளமில்லாத வேலைக்காரி எண்டு வையுங்கோ."

மல்லி போன பிறகு, விளக்கு வைக்கும் நேரத்தில், சிலவேளை அப்பா என்னைப் "பிள்ளை" என்று கூப்பிடுவதுண்டு. நான் அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. அவர் அந்த நேரத்தில் மருந்துக் கடைக்காரப் பெடிச்சியையும் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். நாலு பேர் முன்னால், பகல் வெளிச்சத்தில், இவள் என் மகள் என்று அவர் சொல்ல வேண்டும். அவர் முற்றாக மறந்து போவதற்குள் ஒருமுறையாவது. இதை எழுதும்போது எவ்வளவு சின்ன ஆசை என்று தோன்றுகிறது. அந்த மாதங்களில் அதைவிடப் பெரிய ஆசை எனக்கு இருக்கவில்லை.

மழைக்காலம் வந்தது. ஒரு சனிக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். மல்லி பஸ்ஸிலிருந்து இறங்கி ஒழுங்கைக்குள் வருவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டார். அப்பா அப்போது நித்திரை. சளி பிடித்தால் அப்பாவுக்கும் ஒட்டும் என்று சொல்லி, அப்பாவின் சாரம் ஒன்றையும் பனியன் ஒன்றையும் கொடுத்து மாற்றச் சொன்னேன். சீருடையைப் பால்கனியில் காயப்போட்டோம். மல்லிக்கு வெட்கம். சாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேசையடியில் உட்கார்ந்திருந்தார்.

அப்பா எழும்பி வந்தார். சாரமும் பனியனுமாக ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அட்டையைத் தேடவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். மழையைப் பற்றி விசாரித்தார். கடற்பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறியிருக்குமே, ரயில் ஓடுகிறதா என்று கேட்டார். எல்லாம் சிங்களத்தில், ஆனால் வேறு சிங்களம். வேலை முடிந்து வரும் மனிதர்கள் ஸ்டேஷனில் நின்று கதைக்கிற சிங்களம்.

நான் தேத்தண்ணித் தட்டோடு வந்தேன். அப்பா என் பக்கம் கையைக் காட்டினார்.

"மகே துவ" என்றார். என் மகள் என்று அர்த்தம். "புறக்கோட்டையில கணக்கு வேலை. படு கெட்டிக்காரி. வாய்தான் கொஞ்சம் கூட."

தட்டை மேசையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். மல்லியும் என்னையே பார்த்தார். பேசினால் கலைந்துவிடும் போலிருந்தது. அப்பா தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, நான் சின்ன வயதில் கணக்கில் தோற்று அழுத கதையை மல்லிக்குச் சொன்னார். அப்படி நான் தோற்றதே இல்லை. அது அண்ணா. ஆனால் நான் திருத்தவில்லை.

மத்தியானம் வெயில் எறித்தது. மல்லி காய்ந்த சீருடையை மாட்டிக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தார். அப்பா நிமிர்ந்து பார்த்தார். கோப்பையை வைத்தார். எழும்பினார். கை சட்டைப் பைக்குப் போனது.

"நான் தனியத்தான் சேர். பிள்ளைகள் இல்லை."

அதைச் சொல்லிக்கொண்டே, மல்லிக்கும் எனக்கும் நடுவே வந்து நின்றார். முதுகுக்குப் பின்னால் அவருடைய இடது கை என்னைத் தேடியது. என் சட்டையைப் பிடித்து, சமையலறைப் பக்கமாகத் தள்ளியது. திரும்பாமலே, உதடு அசையாமலே, தமிழில் சொன்னார்:

"பின்பக்கத்தால மேல் வீட்டுக்குப் போ பிள்ளை. நான் சொல்லும்வரை இறங்காதை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

போர்க்காலத்தில், அம்மா போன பிறகு, அப்பாவும் நானும் இதே ஒழுங்கையில் ஒரு பழைய மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். மேலே ஒரு முஸ்லிம் குடும்பம், நிறையப் பெண் பிள்ளைகள். ஆமியும் பொலிஸும் வீடு வீடாகத் தமிழரைத் தேடும் சுற்றிவளைப்பு வருகிறது என்றால் விடியற்காலையில் நாய்கள் குரைக்கும், பிறகு கதவுகள் தட்டப்படும். ஒருமுறை என்னையும் ஒழுங்கையின் வேறு பெண் பிள்ளைகளையும் விசாரணைக்கு என்று பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பின்னேரம் விட்டுவிட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் காலத்தில் ஒன்றும் நடக்காதது பெரிய அதிர்ஷ்டம். அப்பா பகல் முழுக்க பொலிஸ் நிலையத்துக்கு வெளியே வெயிலில் நின்றிருக்கிறார். நான் வெளியே வந்ததும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்து, மேலே போய், அந்தப் பிள்ளைகளின் உம்மாவிடம் ஏதோ கதைத்தார். அதன் பிறகு கதவு தட்டும் சத்தம் கேட்டால் நான் பின்படியால் மேலே ஓட வேண்டும். உம்மா என் தலையில் முக்காட்டைப் போட்டுத் தன் பிள்ளைகளோடு உட்கார வைப்பார். கீழே அப்பா அட்டையை நீட்டி, தனக்குப் பிள்ளைகள் இல்லை என்பார். அண்ணா அதற்கு முன்னமே கனடா போய்விட்டார். அவரை ஒளிக்கத் தேவையில்லை.

அந்த உம்மாவையும் முக்காட்டையும் பின்படியையும் நான் எப்படி மறந்தேன்? மறதி நோய் அப்பாவுக்கு என்றுதானே டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

மல்லியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "மிஸ், நான் பொலிஸ் இல்ல, ஆமி இல்ல. என்ட வாழ்க்கையில யாருக்கும் கை ஓங்கினதில்ல" என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். இவ்வளவு நாளும் தன் கையை அப்பா பயத்தோடுதான் பிடித்திருக்கிறார் என்பது அவரை நன்றாகவே காயப்படுத்திவிட்டது. அடங்கிய நோயாளி என்று தான் மெச்சியதை நினைத்திருப்பார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏஜென்சி விதிப்படி சீருடை கட்டாயம். கேட்டுப் பார்த்தேன், முடியாது என்றார்கள். ஆகவே மல்லி கீழே காவலாளியின் அறையில் உடுப்பு மாற்றிக்கொண்டு, ஒரு பழைய டீசேர்ட்டும் சாரமுமாக மேலே வரத் தொடங்கினார். மணி அடிப்பதில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், நான் திறப்பேன். அப்பா அட்டையைத் தேடுவது நின்றது. குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கவும் தொடங்கினார். மல்லி முகம் வழிக்கும்போது "கொல்லாதை ஐசே" என்று திட்டினார். திட்டு விழ விழ எனக்கும் மல்லிக்கும் சந்தோஷம்.

அந்தச் சில வாரங்கள் நான் மகளாக இருந்தேன். காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது, "குடை எடுத்தனியோ?" என்று கேட்பார். வெயில் கொளுத்தினாலும் கேட்பார். எடுத்துக்கொண்டுதான் போனேன்.

பிறகு காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி. விழுங்க முடியாமல் போய், ஒரு பின்னேரம் மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. மல்லி அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை. நான் அம்புலன்ஸுக்கு அடித்தேன். அவர்கள் கெதியாகத்தான் வந்தார்கள். கனத்த சப்பாத்து, சீருடை, இடுப்பில் கரகரத்துக்கொண்டிருக்கும் கருவி, இரண்டு பேர். அவசரத்தில் அதை நான் யோசிக்கவே இல்லை.

அப்பா கண்ணைத் திறந்தார். எழும்ப முயன்றார், முடியவில்லை. கை சட்டைப் பையைத் தேடியது. மல்லிதான் அட்டையை எடுத்து அவர் விரல்களுக்குள் வைத்தார்.

"நோயாளிக்கு யார் சொந்தம்? ஒருத்தர் கூட வரலாம்" என்றார் வந்தவர்களில் இளைஞர் ஒருவர், சிங்களத்தில். என்னைப் பார்த்து, "நீங்க மகளா?" என்றார்.

அப்பாவின் கண்கள் என் முகத்தில் இருந்தன. அந்தக் கண்களில் மறதி ஒரு துளியும் இல்லை. தலையை அசைத்தார், இல்லை என்று. மூச்சு இழுக்க இழுக்கச் சொன்னார்: "இல்லை சேர். எனக்குப் பிள்ளைகள் இல்லை."

மல்லி வாயைத் திறந்தார். நான் அவர் கையை அழுத்தினேன்.

"நான் மேல் வீட்டில இருக்கிறேன்" என்று சிங்களத்தில் சொன்னேன். "சத்தம் கேட்டு வந்தேன்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். முகம் தளர்ந்தது. மல்லி அவரோடு போனார். லிப்ட் கதவு மூடும்வரை நான் வாசலில் நின்றேன். பிறகு படியால் ஓடினேன்.

ஒழுங்கை முனையில் த்ரீவீலர் ஒன்றைப் பிடித்து, அம்புலன்ஸுக்குப் பின்னாலேயே விடச் சொன்னேன். காலி வீதியில் பின்னேர நெரிசல். சைரன் கத்திக்கொண்டே இருந்தது, வாகனங்கள் அசைவதாகவே இல்லை. சில இடங்களில் அந்தப் பின்கதவு, கையை நீட்டினால் தொடலாம் போல அவ்வளவு கிட்டத்தில் நின்றது. உள்ளே விளக்கு எரிந்தது. மல்லியின் தலை மட்டும் தெரிந்தது. இறங்கி ஓடி அந்தக் கதவைத் தட்ட வேண்டும் போலிருந்தது. கதவு தட்டும் சத்தம் அவருக்கு என்ன செய்யும் என்று நினைத்து, இருந்த இடத்திலேயே இருந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் மல்லி எனக்காக நின்றார். அவர் சொல்லவே தேவையிருக்கவில்லை.

"வழியில மிஸ்" என்றார். பிறகு அழுதுகொண்டே சொன்னார்: "பின்னால யாராவது வர்றாங்களா எண்டு மாத்தயா கேட்டார். ரெண்டு தரம் கேட்டார். யாருமே இல்ல மாத்தயா எண்டு சொன்னன். நல்லது எண்டார்."

அப்பாவை உள்ளே ஒரு கட்டிலில் கிடத்தி, பச்சைத் திரையை இழுத்து மூடியிருந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் ஒரு மேசை. அதில் ஓர் எழுதுவினைஞர். அம்புலன்ஸில் வந்த இளைஞரும் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம்.

"இறந்தவருக்கு நீங்க என்ன முறை?" என்று எழுதுவினைஞர் கேட்டார்.

திரை ஒரு முழத் தூரத்தில் இருந்தது. நான் மேசைமேல் குனிந்து, குரலை மிகவும் தாழ்த்தி, அப்பாவுக்குக் கேட்காதபடி, மகள் என்று சொன்னேன்.